நந்தவனமும் புழுவும்

வலங்கைமான் வட்டாரத்துக் கோயில் ஒன்றின் நந்தவனத்தைச் சில ஆண்டுகளுக்கு முன் சீரமைத்தார்கள். மதிலோரத்து எருக்கு வேரோடு அகற்றப்பட்டது. வில்வக் கன்றின் தளிரைப் புழு அரிக்கிறதென்று மருந்து தெளிக்கப்பட்டது. எஞ்சிய மண்ணில் சிமெண்டுக் கல் பதித்து, தொட்டிகளில் குரோட்டன்ஸ் வைத்தார்கள். அடுத்த மழைக்காலத்தில் அங்கே பட்டாம்பூச்சிகளைக் காணவில்லை. எவரும் தீய எண்ணத்தோடு இதைச் செய்யவில்லை. தோட்டம் பூவுக்கானது, புழு அதன் பகை என்னும் எண்ணமே காரணம். காவிரிப் படுகையின் தோட்ட மரபு இவ்வெண்ணத்துக்கு இடம் தருகிறதா என்று பார்ப்பது பயனுள்ளது.

நந்தவனம் இங்கே வெறும் அலங்காரமாக இருந்ததில்லை. அது ஓர் அறக்கட்டளை. சோழர் காலக் கல்வெட்டுகள் நந்தவனங்களுக்கு விடப்பட்ட நிலங்களையும், அவற்றைப் பேணியோருக்கு அளிக்கப்பட்ட நெல்லையும் பதிவு செய்கின்றன. பூப்பறித்தல், மாலை தொடுத்தல், நீர் இறைத்தல் ஆகியவை தனித்தனித் தொழில்களாக இருந்தன. இம்மரபின் முகமாக வைணவம் போற்றுபவர் தொண்டரடிப்பொடியாழ்வார். குடந்தைக்கு அண்மையிலுள்ள திருமண்டங்குடியில் பிறந்து, திருவரங்கம் சென்று, அங்கே நந்தவனம் அமைத்துப் பூத்தொண்டு புரிந்தவர் என்பது குருபரம்பரை கூறும் செய்தி. தோளில் பூக்குடலையோடுதான் இன்றும் அவர் திருவுருவம் காட்சி தருகிறது.

இவர்கள் எவரும் பட்டாம்பூச்சிக்காகத் தோட்டம் போடவில்லை. ஆயினும் சிவாலய நந்தவனத்துச் செடிகளைச் சற்று எண்ணிப் பாருங்கள். எருக்கு, வில்வம், கொன்றை, அரளி. எருக்கிலையில் வெந்தய வரியனின் புழு வளர்கிறது. வில்வத் தளிர் எலுமிச்சை அழகியின் புழுவுக்கு உணவு. கொன்றையிலை கொன்னை வெள்ளையனுக்கும், அரளியிலை வெண்புள்ளிக் கருப்பனுக்கும் உரியவை. இறைவனுக்கென்று வளர்த்த செடிகளே இப்பூச்சிகளின் தொட்டில்களாக அமைந்தன.

பட்டாம்பூச்சி எந்தப் பூவிலும் தேன் உண்ணக்கூடும். ஆனால் எந்த இலையிலும் முட்டையிடாது. தாய்ப்பூச்சி முன்னங்கால்களால் இலையைத் தொட்டுச் சுவையறிந்து, தன் இனத்துக்குரிய செடி என்று உறுதியான பின்னரே முட்டையிடுகிறது. எருக்கம்பாலின் நஞ்சை வெந்தய வரியனின் புழு உண்டு உடலில் சேர்த்துக்கொள்கிறது. அதனால் பறவைகள் அதனை விலக்குகின்றன. அந்தப் பாதுகாப்பு சிறகு முளைத்த பின்னும் தொடர்கிறது. ஆகவே பூச்செடிகளை மட்டும் வைத்த தோட்டம் ஒரு சத்திரம். பட்டாம்பூச்சி வந்து உண்டு போகும். இலையும் புழுவும் உள்ள தோட்டமே வீடு.

இந்த உறவு அறிவியலின் பெயரிடலிலும் பதிந்திருக்கிறது. லின்னேயஸின் மாணவரான கோனிக் 1768-இல் டேனிய மிஷன் மருத்துவராகத் தரங்கம்பாடி வந்து, இப்பகுதியின் செடிகளையும் பூச்சிகளையும் திரட்டி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். அவற்றை ஆராய்ந்தவர்களுள் ஒருவர் லின்னேயஸின் மற்றொரு மாணவரான யோகான் கிறிஸ்டியன் ஃபாப்ரிசியஸ். தமிழ் அகராதி செய்த ஃபாப்ரிசியஸ் வேறு, இவர் பூச்சியியலாளர். நாம் ரோஜா அழகி என்றழைக்கும் பட்டாம்பூச்சிக்கு 1775-இல் இவர் இட்ட பெயர் 'அரிஸ்டலோக்கியே'. அரிஸ்டலோக்கியா என்பது அதன் புழு உண்ணும் செடியினம். நம் வரப்புகளில் படரும் ஆடுதீண்டாப்பாளை அவ்வினத்தைச் சேர்ந்தது. ஆடும் தீண்டாத கசப்புச் செடியின் பெயராலேயே ஓர் அழகிய உயிர் உலகறியப்பட்டது.

தொண்டரடிப்பொடியார் பூத்தொண்டு செய்த அதே திருவரங்கத் தீவில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, மேலூரில் தமிழக வனத்துறை அமைத்த வண்ணத்துப்பூச்சிப் பூங்கா 2015-இல் திறக்கப்பட்டது. 25 ஏக்கருக்கு மேற்பட்ட அந்த இடத்தில் தேன் தரும் பூச்செடிகளோடு புழுக்களுக்கான உணவுச் செடிகளும் வளர்க்கப்படுகின்றன. வரவேற்கத்தக்க முயற்சி. ஆனால் ஒரு பூங்கா படுகை முழுவதற்கும் ஈடாகாது. ஒவ்வொரு ஊரிலும் கோயிலை ஒட்டி ஒரு நந்தவனம் இருந்த நிலத்தில், பட்டாம்பூச்சியைக் காண நுழைவுச்சீட்டு வாங்கிச் செல்லும் நிலை வந்தால், நாம் எதையோ இழந்திருக்கிறோம் என்றே பொருள்.

மீட்பதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. மதிலோரத்தில் நாலு எருக்கு, ஒரு வில்வம், வீட்டுக் கொல்லையில் எலுமிச்சையும் கறிவேப்பிலையும், வெயில் படும் மூலையில் இட்லிப்பூ. பூச்சிமருந்து கூடாது. இலை ஓட்டையாவதைப் பொறுத்துக்கொள்ளும் மனம் வேண்டும், அதுதான் கடினம். முட்டை சிறகாக ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். அதுவரை தோட்டம் அழகற்றுத் தோன்றலாம்.

வலங்கைமான் வட்டத்து ஆலங்குடியின் தேவாரப் பெயர் இரும்பூளை. பூளை என்பது வரப்பில் தானே முளைக்கும் சிறு செடி. நாம் இன்று களையென்று பிடுங்குவது. அதையே தலவிருட்சமாக்கி, ஊருக்கே அதன் பெயரைச் சூட்டினார்கள் நம் முன்னோர். எருக்கைப் பிடுங்கக் குனியும் கை ஒரு கணம் இரும்பூளையை நினைத்துக்கொண்டால் போதும்.