சுடலையில் நின்ற குடும்பம்



நான் ஈப்போவில் படிக்கும் மாணவன். என் முன்னோர் பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டியவர்கள். அண்மையில் எங்கள் வகுப்பில் ஒரு கிரேக்க நாடகத்தைப் படித்தோம். அதைப் படித்த அன்றிரவு, நம் தோட்டங்களில் விடிய விடிய நடந்த அரிச்சந்திரன் கூத்துதான் என் நினைவுக்கு வந்தது. இரண்டும் இருவேறு கடல்களுக்கு அப்பால் பிறந்தவை. ஆனால் இரண்டிலும் ஒரு பெண் பிணத்தின் அருகே நிற்கிறாள். அவளைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதலில் கிரேக்க நாடகத்தைச் சொல்கிறேன். சுமார் 2,460 ஆண்டுகளுக்கு முன் ஏதென்ஸ் நகரில் சோபக்ளீஸ் என்ற புலவர் 'ஆன்டிகனி' என்ற நாடகத்தை இயற்றினார். தீப்ஸ் நாட்டு அரியணைக்காக அண்ணன் தம்பி இருவர் போரிட்டு, ஒருவர் கையால் ஒருவர் மடிகிறார்கள். அடுத்து அரசனான தாய்மாமன் கிரியோன் ஒரு கட்டளை இடுகிறான். நாட்டுக்காக நின்றவனுக்கு முறைப்படி அடக்கம் உண்டு. நாட்டின் மீது படையெடுத்து வந்தவன் நாய்க்கும் பறவைக்கும் இரையாகட்டும். மீறுவோருக்கு மரணம் என்பதே அக்கட்டளை.

இறந்தவர்களின் தங்கை ஆன்டிகனி. 'அவன் நாட்டுக்குப் பகைவனாக இருக்கலாம். எனக்கு உடன்பிறந்தவன் அல்லவா?' என்று கேட்கிறாள். தன் கையால் அவன் உடல்மேல் மண்ணைத் தூவுகிறாள். பிடிபடுகிறாள். குகைக்குள் உயிரோடு அடைக்கப்பட்டு, அங்கே தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்கிறாள். அவளை மணக்க இருந்தவன் கிரியோனின் மகன். அவனும் மாள்கிறான். மகன் போன செய்தி கேட்டுத் தாயும் மாள்கிறாள். சட்டம் வென்றது, சட்டம் போட்டவன் வீட்டிலே விளக்கேற்ற ஆளில்லை.

இனி நம் கதைக்கு வருவோம். அரிச்சந்திரன் கதை மார்க்கண்டேய புராணத்தில் உள்ளது. தமிழில் வீரகவிராயர் அதை 'அரிச்சந்திர புராணம்' என்று பாடினார். ஏட்டிலிருந்து அது கூத்து மேடைக்கு வந்தது. காந்தியடிகள் சிறுவயதில் இந்த நாடகத்தைப் பார்த்து உள்ளம் உருகியதைத் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். 1913-இல் வெளிவந்த இந்தியாவின் முதல் முழுநீளப் படமும் அரிச்சந்திரன் கதைதான். தமிழ்நாட்டுச் சுடுகாடுகளின் வாயிலில் அரிச்சந்திரன் பெயரால் ஒரு கல்லோ சிறு கோயிலோ இருப்பதும், பாடையை அங்கே இறக்கிவைத்துச் சடங்கு செய்வதும் பலரும் அறிந்த வழக்கம்.

கதை நீங்கள் அறிந்ததே. விசுவாமித்திரருக்குக் கொடுத்த வாக்குக்காக நாட்டை இழந்தான். கடனைத் தீர்க்கக் காசியில் மனைவி சந்திரமதியையும் மகன் லோகிதாசனையும் விற்றான். தன்னையும் விற்றுச் சுடலை காக்கும் வெட்டியானாக நின்றான். பாம்பு தீண்டி மகன் இறக்கிறான். தாய் ஒருத்தியாகவே பிணத்தைச் சுமந்து நள்ளிரவில் சுடலைக்கு வருகிறாள். காவல் நிற்பவன் கால் பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும் கேட்கிறான். அவள் கழுத்துத் தாலி அவனுக்கு மட்டுமே தெரிய, இருவரும் ஒருவரை ஒருவர் அறிந்துகொள்கிறார்கள். அறிந்த பின்னும் அவன் என்ன சொல்கிறான்? 'வாய்க்கரிசி என் கூலி, அதை விட்டுவிடுகிறேன். பணமும் துணியும் ஆண்டைக்கு உரியவை. அவற்றை விட எனக்கு உரிமை இல்லை.' என் கொள்ளுப் பாட்டி இப்படித்தான் எனக்குக் கதை சொன்னார்.

இந்த இடம் ஏன் நம்மை அழவைக்கிறது? துன்பியல் நாடகம் இரக்கத்தையும் அச்சத்தையும் எழுப்பி மனத்தைத் தெளியவைக்கிறது என்றார் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில். நம் தொல்காப்பியமோ அழுகைக்கு நான்கு காரணங்களைக் காட்டுகிறது. பிறர் இழிவுபடுத்துவது இளிவு, உற்றாரையோ உடைமையையோ இழப்பது இழவு, இருந்த நிலையிலிருந்து தாழ்வது அசைவு, இல்லாமை வறுமை. மயான காண்டத்தில் இந்த நான்கும் ஒரே இரவில் ஒரே குடும்பத்தின் தலையில் விழுகின்றன. அரசன் வெட்டியானானது அசைவு. பிறர் வீட்டில் அடிமையானது இளிவு. கால் பணம் இல்லாதது வறுமை. மகன் போனது இழவு.

நேயர்களே, இந்த நான்கையும் தோட்டத்து மக்களுக்கு யாரும் பாடம் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. பேராக்கில் ரப்பர் கன்று முதன்முதலில் 1877-இல் கோலகங்சாரில் நடப்பட்டது. பின்னர் தோட்டங்கள் பெருகியபோது ஒப்பந்தக் கூலிகளாகவும், கங்காணிகள் வழியாகவும் நம்மவர் வந்தார்கள். ஒப்பந்த முறை 1910-இல் ஒழிந்தது. கங்காணி வழி ஆள் வருவது 1938-இல் நின்றது. ஊரையும் நிலத்தையும் விட்டு, கடனோடு கப்பலேறியவர்களுக்கு, கடனுக்காகக் குடும்பத்தோடு விலைபோன அரசன் அந்நியனாகத் தோன்றியிருப்பானா? மாரியம்மன் திருவிழாவில் கூத்துக் கட்டினார்கள். ஏதென்சிலும் நாடகம் தெய்வத் திருவிழாவிலேதான் நடந்தது. விடிந்தால் பெரட்டுக்குப் போகவேண்டியவர்கள், இரவெல்லாம் கண்விழித்து அழுதார்கள்.

என் கொள்ளுப் பாட்டி தொண்ணூறு வயதைக் கடந்தவர். 'நீங்கள் சந்திரமதிக்காகவா அழுதீர்கள்?' என்று அவரிடம் கேட்டேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, 'எங்கண்ணனுக்காக அழுதேன்யா' என்றார்.

அவருடைய அண்ணன் ஜப்பானியர் காலத்தில் சயாம் ரயில் பாதை வேலைக்குப் போனவர். 1942-லும் 1943-லும் சயாமையும் பர்மாவையும் இணைக்க சுமார் 415 கிலோ மீட்டர் நீளப் பாதை போடப்பட்டது. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் அங்கே கொண்டுபோகப்பட்டார்கள். காலராவும் பட்டினியும் கடும் உழைப்பும் அவர்களைக் காவுகொண்டன. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் போர்க்கைதிகளாக இறந்த நேசநாட்டு வீரர்களுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக உள்ளன. நம்மவருள் மிகப் பலருக்குப் பெயர் பொறித்த ஒரு கல்லும் இல்லை.

'சந்திரமதிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக ஒரு சுடலையாவது இருந்துச்சு. எங்காத்தாளுக்கு அதுவும் இல்லை' என்றார் என் கொள்ளுப் பாட்டி. அவர் தாயார் மகன் வருவான் என்று சாகும்வரை நம்பினாராம். அதனால் அவருக்கு யாரும் கருமாதி செய்யவே இல்லையாம்.

அப்போதுதான் ஆன்டிகனி எனக்கு விளங்கினாள். ஒரு கைப்பிடி மண்ணுக்காக ஒருத்தி உயிரை விடுவாளா என்று வகுப்பில் வியந்தவன் நான். அந்த ஒரு பிடி மண்ணைத் தூவ முடியாமல் எண்பது ஆண்டுகளுக்கு மேல் சுமந்த ஒருவர் என் வீட்டிலேயே இருந்தார்.

ஆயினும் ஒரு கேள்வி என்னை விடவில்லை. வாக்கைக் காக்க மனைவி மக்களை விற்பது அறமா? ஆன்டிகனி குடும்பத்துக்காகச் சட்டத்தை மீறினாள். அரிச்சந்திரன் கடமைக்காகக் குடும்பத்தை விட்டுக்கொடுத்தான். கடைசியில் தெய்வம் தோன்றி லோகிதாசனை எழுப்புகிறது. ஆன்டிகனிக்கு அப்படி யாரும் வரவில்லை. சந்திரமதி மனமொப்பி உடன் நின்றாள். ஆனால் அந்தச் சிறுவன் லோகிதாசனை யார் கேட்டார்கள்? பெரியவர்கள் கொடுத்த வாக்குக்கும் பட்ட கடனுக்கும் பிள்ளைகள் விலை கொடுப்பதை எந்த நாடகமும் நியாயமாக்கிவிட முடியாது என்பதே என் கருத்து. இதைக் கொள்ளுப் பாட்டியிடம் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. 'அதனாலதான்யா உன் பாட்டியைப் பால் வெட்ட விடாமல் பள்ளிக்கூடம் அனுப்பினேன்' என்றார்.

குடும்பப் பற்று என்பது கண்ணை மூடிக்கொண்டு கட்டுப்படுவது அன்று. இறந்தவரை மறவாமல் இருப்பதும், இருப்பவரை விலைபோக விடாமல் காப்பதும் அதில் அடங்கும் என்று இன்று எண்ணுகிறேன்.

நம் தோட்டங்கள் பல இன்று செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. கூத்து மேடைகள் இருந்த இடம்கூடத் தெரியவில்லை. ஆனால் கூத்துப் பார்த்தவர்கள் சிலர் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். இன்றிரவு அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, 'அன்று யாருக்காக அழுதீர்கள்?' என்று கேளுங்கள். ஒரு பெயரைச் சொல்வார்கள். அதை எழுதி வையுங்கள். நாங்கள் எழுதி வைத்திருக்கிறோம். இந்த ஆண்டு ஆடி அமாவாசையில் அந்தப் பெயரைச் சொல்லி, முதன்முறையாக எள்ளும் தண்ணீரும் விட்டோம்.