அறுபதாவது நொடியின் ஒட்டு: ‘ஸ்ட்ராபெர்ரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்’ ஆக்கமும் வெளியீடும்

1966இல் ரிச்சர்ட் லெஸ்டரின் படமொன்றில் நடிக்க ஸ்பெயினின் அல்மேரியாவுக்குச் சென்றிருந்த பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனன், படப்பிடிப்பு ஓய்வுகளில் ஒரு பாடலை எழுதத் தொடங்கினார். லிவர்பூலின் உல்டன் பகுதியில், அவர் சிறுவயதில் அறிந்திருந்த சால்வேஷன் ஆர்மி குழந்தைகள் இல்லத்தின் பெயர் அதற்கு அமைந்தது. பாடல் அல்மேரியாவிலேயே உருவாகிவிட்டது, பின்னர் ஒலிப்பதிவுக் கூடத்தில் நடந்தது மெருகூட்டல் மட்டுமே என்று வாதிட இடமுண்டு. இக்கட்டுரை அதை மறுக்கிறது. இப்பாடலின் ஆக்கம் காந்த நாடாவில் தொடர்ந்தது. வெளியிட்ட முறையும் அதில் ஒரு பகுதி.

லெனன் கிட்டாருடன் தனியே பாடிய முன்வரைவுகளும் கூடத்தில் பதிவான முதல் டேக்கும் 1996இல் ‘ஆந்தாலஜி 2’ தொகுப்பில் வெளிவந்தன. மெருகூட்டல் வாதத்துக்கு இவையே வலுவான சான்று. மெட்டின் உயிர் அவற்றில் ஐயமின்றி இருக்கிறது. ஆனால் 1966 நவம்பர் 24 அன்று அபே ரோடு கூடத்தில் பதிவான முதல் டேக் சரணத்தில் தொடங்குகிறது. இன்று நாம் கேட்கும் வடிவமோ, பால் மெக்கார்ட்னி மெலோட்ரான் என்ற விசைப்பலகைக் கருவியில் வாசித்த புல்லாங்குழல் ஒலியைத் தொடர்ந்து பல்லவியில் தொடங்குகிறது. பாடலுக்குள் நுழையும் வாசலே இடம்மாறியதை மெருகு என்று ஒதுக்க முடியாது.

அதைவிட முக்கியமானது டிசம்பர் 22. அதற்குள் இருவேறு பதிவுகள் இருந்தன: மென்மையான ஏழாவது டேக், நான்கு டிரம்பெட், மூன்று செல்லோவுடன் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் அமைத்த ஆவேசமான மறுபதிவு. லெனனுக்கு முதலாவதன் தொடக்கமும் இரண்டாவதன் முடிவும் பிடித்திருந்தன. இரண்டுக்கும் சுருதியும் வேறு, வேகமும் வேறு. ஆனால் விரைவாக ஓடிய பதிவே சுருதியிலும் உயர்ந்திருந்தது. நாடாவின் ஓட்டத்தைக் குறைத்தால் வேகமும் சுருதியும் சேர்ந்தே இறங்கும். இந்த நல்வாய்ப்பைப் பயன்படுத்தி மார்ட்டினும் ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமெரிக்கும் வேகத்தைச் சரிசெய்து, ஏறத்தாழ அறுபதாவது நொடியில் இரண்டையும் ஒட்டினர். அதன்பின் லெனனின் குரல் கனத்து, அரைத்தூக்கத்தில் பேசுபவரின் குரலாகிறது. ஜார்ஜ் ஹாரிசன் மீட்டிய சுவரமண்டலும் இந்தப் பகுதியில்தான் ஒலிக்கிறது. நினைவுக்கும் மயக்கத்துக்கும் இடையிலான தடுமாற்றமே பாடலின் பொருள் என்றால், அதை முழுமையாக்கியது இந்த ஒட்டுதான். கிட்டாரில் எவரும் அதை எழுதியிருக்க முடியாது. இருந்தும் இயற்றியோர் உரிமையில் லெனன், மெக்கார்ட்னி பெயர்கள் மட்டுமே உள்ளன.

1963 பிப்ரவரி 11 அன்று ஒரே நாளில் பத்துப் பாடல்களைப் பதிந்த குழு, இந்த ஒன்றுக்கு ஏறத்தாழ ஒரு மாதம் எடுத்துக்கொண்டது. 1966 ஆகஸ்ட் 29 சான் பிரான்சிஸ்கோ நிகழ்ச்சியோடு இசைப்பயணங்கள் நின்றதே இதற்கு வழி திறந்தது. மேடையில் வாசித்தாக வேண்டும் என்ற கட்டாயம் போனதும், பாடல் நாடாவிலேயே முழுமை பெறலாம் என்றாயிற்று.

வெளியீடு வணிக நெருக்கடியில் பிறந்தது. புதிய இசைத்தட்டுக்காக மேலாளர் பிரையன் எப்ஸ்டைன் அழுத்தம் தர, அடுத்த ஆல்பத்துக்கென உருவானவற்றிலிருந்து இப்பாடலையும் ‘பென்னி லேன்’ பாடலையும் மார்ட்டின் எடுத்துக் கொடுத்தார். 1967 பிப்ரவரியில் இரண்டும் சம மதிப்புள்ள பக்கங்களாக ஒரே சிங்கிளில் வந்தன. பிரிட்டனின் ‘ரெக்கார்ட் ரீடெய்லர்’ பட்டியலில் எங்கல்பெர்ட் ஹம்பர்டிங்கின் ‘ரிலீஸ் மீ’ அதை இரண்டாம் இடத்தில் நிறுத்தியது. சிங்கிள்களை ஆல்பத்தில் மீண்டும் சேர்க்காத அன்றைய பிரிட்டிஷ் வழக்கப்படி, ‘சார்ஜென்ட் பெப்பர்’ ஆல்பத்தில் இரண்டும் இடம்பெறவில்லை. அது தம் தொழில் வாழ்வின் பெரும்பிழை என்று மார்ட்டின் பின்னாளில் வருந்தினார்.

அவரோடு நான் உடன்படவில்லை. அந்த ஆல்பத்தில் இருந்திருந்தால், அது சித்திரித்த கற்பனை வாத்தியக்குழுவின் நிகழ்ச்சிநிரலில் இதுவும் ஓர் உருப்படியாகியிருக்கும். சிங்கிளில் இதற்கு ஒரே அண்டை ‘பென்னி லேன்’. லிவர்பூலின் இரண்டு இடங்கள். ஒன்றை லெனன் உள்நோக்கிப் பார்க்கிறார், மற்றதை மெக்கார்ட்னி தெருவில் நின்று பார்க்கிறார். ஒன்றின் மங்கல் மற்றதன் வெளிச்சத்தால்தான் துலங்குகிறது. 1967 நவம்பரில் அமெரிக்காவின் கேபிடல் நிறுவனம் ‘மேஜிக்கல் மிஸ்டரி டூர்’ ஆல்பத்தை வெளியிட்டபோதும் இரண்டையும் அடுத்தடுத்தே வைத்தது.