லோட்டஸ் செவன்: உதிரிகளாக விற்ற கார்

லோட்டஸ் செவன், கோலின் சாப்மன் வடிவமைத்து 1957இல் இங்கிலாந்தில் அறிமுகமான இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். முழுதாகப் பூட்டிய காருக்கு அப்போது அங்கே கொள்முதல் வரி உண்டு. உதிரிகளாக விற்றால் இல்லை. எனவே பலர் உதிரிகளாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொண்டனர்.

எஃகுக் குழாய்ச் சட்டத்தின்மேல் அலுமினியத் தகடு போர்த்தியதே இதன் உடல். 1960இல் வந்த இரண்டாம் வரிசையில் மூக்குப் பகுதியும் மட்கார்டுகளும் கண்ணாடியிழைக்கு மாறின. கல் பட்டால் அலுமினியம் குழியும். கண்ணாடியிழையிலோ ஜெல்கோட் எனும் மேற்பூச்சில் சிலந்தி வலைபோல் விரிசல் ஓடும். அதன்மேல் வெறுமனே பெயிண்ட் அடித்தால் அதே கோடு சில காலத்தில் மீண்டும் தலைகாட்டும். விரிசலை அடிவரை சுரண்டித் திறந்து, புது ஜெல்கோட் நிரப்பி, இறுகியபின் தண்ணீர் விட்டு உப்புத்தாளால் தேய்த்து மெருகேற்ற வேண்டும். மட்கார்டைக் கழற்றி மேசையில் வைத்தே இதைச் செய்யலாம். பூட்டியவருக்குக் கழற்றத் தெரியாதா என்ன!

1973இல் மதிப்புக் கூட்டு வரி வந்ததும் உதிரிகளுக்கான சலுகை போயிற்று. அதே ஆண்டு தயாரிப்பு உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்துக்கு மாறியது. அந்நிறுவனம் அதே சாயலில் கார் செய்துவருவதால் புது மூக்கும் மட்கார்டும் வாங்க முடிகிறது. ஆனால் 1960களின் செவனில் அவற்றை மாட்டினால் பளபளப்பு வரும், பழைய பொருள் போய்விடும். அத்தகைய காருக்குச் செப்பனிட்ட பழைய மட்கார்டே மேல்.