முயல்குட்டி வளர்ப்பு

வீடுகளில் செல்லப்பிராணியாக வளரும் முயல், ஐபீரியத் தீபகற்பத்தின் (ஸ்பெயின், போர்ச்சுகல்) குழிமுயலின் வழித்தோன்றல். அறிவியல் பெயர் ஒரிக்டோலேகஸ் குனிகுலஸ். தமிழ்நாட்டு வயல்வெளிகளிலும் புதர்க்காடுகளிலும் ஓடும் கருங்கழுத்து முயல் வேறு பேரினத்தைச் சேர்ந்தது. அது வளை தோண்டாது. அதன் குட்டி ரோமத்தோடும் திறந்த கண்களோடும் பிறக்கும். 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அதைப் பிடிக்கவோ வளர்க்கவோ அனுமதிப்பதில்லை. வயலில் தனியாகக் கிடக்கும் குட்டியைத் தாய் கைவிட்டதாக நினைத்து வீட்டுக்குக் கொண்டுவருவது தவறு. தாய் முயல் பகலில் குட்டியின் அருகே இருப்பதே இல்லை.

வீட்டு முயலை நாய், பூனை போல எண்ணி வளர்ப்பதில்தான் பெரும்பாலான தொல்லைகள் தொடங்குகின்றன. அது வேட்டையாடப்படும் விலங்கு. நாள் முழுதும் புல் மேயும் விலங்கு. ஓயாமல் இயங்க வேண்டிய குடலும், வலியை வெளிக்காட்டாமல் மறைக்கும் குணமும் அதற்கு உண்டு. இவ்விரண்டையும் புரிந்துகொண்டால் மற்றப் பராமரிப்பு முறைகள் எல்லாம் தாமே விளங்கும்.

வாங்கும் வயது

முயலின் கர்ப்பகாலம் ஏறத்தாழ 31 நாள். குட்டிகள் ரோமமின்றி, கண் மூடிய நிலையில் பிறக்கும். பத்தாம் நாள் வாக்கில் கண் திறக்கும். மூன்றாம் வாரம் கூட்டைவிட்டு வெளியே வரும். தாய் ஒரு நாளில் ஓரிரு முறை, அதுவும் சில நிமிடமே பாலூட்டும். மூன்றாம் வாரத்துக்குப் பிறகு குட்டி புல்லைக் கொறிக்கத் தொடங்குவதால், பால்குடி முடிந்துவிட்டது என்று விற்பவர்கள் சொல்வார்கள். முடிந்திருக்காது. வளர்ந்த முயலின் இரைப்பையில் கடும் அமிலம் இருப்பதால் உணவோடு சேர்ந்து வரும் கிருமிகள் மடிகின்றன. குட்டியின் இரைப்பையில் அந்த அமிலம் இல்லை. தாய்ப்பாலிலிருந்து உருவாகும் கொழுப்பமிலங்களே அதைக் காக்கின்றன. அமிலம் கூடி, குடலில் நல்ல நுண்ணுயிரிகள் நிலைபெறும் முன் பாலை நிறுத்தினால் குட்டிக்கு எந்தப் பாதுகாப்பும் இராது. நான்கைந்து வாரக் குட்டிகள் வீட்டுக்கு வந்த சில நாளிலேயே கழிச்சலில் இறப்பதற்கு இது முக்கியமான காரணம்.

எட்டு வாரம் முடிந்த குட்டியை மட்டுமே வாங்க வேண்டும். சந்தையில் உள்ளங்கைக்குள் அடங்கும் குட்டியைக் காட்டி, இது வளராத குள்ள இனம் என்றால் நம்ப வேண்டாம். பெரும்பாலும் அது பால்குடி மறவாத சாதாரணக் குட்டியாகவே இருக்கும். பிரகாசமான கண், ஈரமில்லாத மூக்கு, சுத்தமான பின்புறம், செதில் படியாத காது ஆகியவற்றைப் பார்த்து வாங்குவது நல்லது. விற்பவர் கொடுத்துவந்த தீனியில் ஒரு வாரத்துக்கானதைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். இடமாற்றத்தின் அதிர்ச்சியோடு தீனி மாற்றமும் சேர்ந்தால் குட்டியின் குடல் தாங்காது. புதிய தீனியை ஏழு முதல் பத்து நாளில் சிறிது சிறிதாகக் கலந்து பழக்கலாம். பசும்பால், பிஸ்கட், சோறு, ரொட்டி ஆகியவை கூடவே கூடாது.

தீனி

முயலுக்கு 28 பற்கள். அத்தனையும் ஆயுள் முழுதும் வளரும். முன்பற்கள் வாரத்துக்கு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் நீளும். நார் மிகுந்த புல்லைப் பக்கவாட்டில் அரைத்து மெல்லும்போதுதான் கடைவாய்ப் பற்கள் தேயும். கேரட்டோ பெல்லட் தீவனமோ இரண்டு கடியில் நொறுங்கிவிடும், பல் தேயாது. தேயாத கடைவாய்ப் பல் கூர்முனை விட்டு நாக்கையும் கன்னத்தையும் கிழிக்கும்.

அதே நார்தான் குடலையும் ஓட்டுகிறது. செரிக்காத நார் உருண்டை உருண்டையான காய்ந்த புழுக்கையாக வெளியேறும். நுண்ணிய பகுதி பெருங்குடலின் தொடக்கத்திலுள்ள பெரிய பைக்குத் திரும்பி அங்கே நொதிக்கும். அது திராட்சைக் கொத்துப் போல மென்மையான, பளபளப்பான புழுக்கையாக வரும். முயல் அதை ஆசனவாயிலிருந்தே நேராக எடுத்து விழுங்கிவிடும். புரதமும் பி வைட்டமின்களும் இவ்வழியில் கிடைக்கின்றன. இதைக் கண்டு அருவருத்துத் தடுப்பவர்கள் முயலுக்குத் தீங்கு செய்கிறார்கள்.

ஆகவே தீனியில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் உலர்புல்லாக இருக்க வேண்டும். இரவும் பகலும் தட்டில் தீராமல் இருக்க வேண்டும். வளரும் குட்டிக்குப் புரதமும் சுண்ணாம்புச்சத்தும் நிறைந்த குதிரைமசால் ஏற்றது. ஆறேழு மாதம் ஆனதும் அதைக் குறைத்துப் புல்வகைக்கு மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் சிறுநீரில் சுண்ணாம்பு படியும். செல்லப்பிராணிக் கடை உலர்புல் விலை கட்டுப்படியாகாதவர்கள் அருகம்புல், கோ-4 தீவனப்புல், வேலிமசால், முயல் மசால் ஆகியவற்றைப் பூச்சிமருந்து அடிக்காத இடத்திலிருந்து அறுத்து நிழலில் உலர்த்திக் கொடுக்கலாம். நெல் வைக்கோல் படுக்கைக்கு ஆகும், ஊட்டத்துக்கு ஆகாது. சவுண்டல் இலையில் மைமோசின் என்ற நச்சு உண்டு. அதிகம் தின்றால் ரோமம் கொட்டும். பூசணம் பிடித்த கடலைக்கொடியும் ஆபத்து.

பச்சைக் கீரையைப் பன்னிரண்டு வாரம் ஆன பிறகு, ஒரு நேரத்தில் ஒரு வகையாக, நாலைந்து இலையில் தொடங்கலாம். கொத்தமல்லி, புதினா நல்லவை. பசலையை அன்றாடம் தரக்கூடாது. கேரட், வாழைப்பழம், ஆப்பிள் ஆகியவற்றில் சர்க்கரை மிகுதி. வளர்ந்த முயலுக்கு எப்போதாவது விரல்நுனி அளவு போதும். வெங்காயம், பூண்டு, சாக்லேட், அவகாடோ, உருளைக்கிழங்குச் செடியின் இலை ஆகியவை நஞ்சு. பெல்லட் தீவனம் துணை உணவு மட்டுமே. வளர்ந்த முயலுக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 25 கிராம் என்ற கணக்கு பரவலாகச் சொல்லப்படுகிறது. தண்ணீரைக் கனமான பீங்கான் கிண்ணத்தில் வைத்தால் இயல்பாகக் குடிக்கும்.

இருப்பிடமும் வெயிலும்

மத்திய செம்மறியாடு மற்றும் ரோம ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் கொடைக்கானல் மலையிலுள்ள மன்னவனூரில் சோவியத் சின்சில்லா, ஒயிட் ஜெயண்ட் முயல்களை வளர்க்கிறது. அந்தக் குளிர் முயலுக்கு இதமானது. சமவெளியின் மே மாதம் அதற்குப் பெரும் சோதனை. முயலுக்கு வியர்க்காது, உடல் சூட்டைப் பெரும்பாலும் காதுகளின் வழியே வெளியேற்றும். 15 முதல் 21 டிகிரி செல்சியஸ் அதற்கு வசதியானது; 30ஐத் தாண்டினால் ஆபத்து. வியர்வை இல்லாத உடலை மின்விசிறி மட்டும் குளிர்விக்காது. துணி சுற்றிய ஐஸ் பாட்டிலை அருகே வைப்பதும், தரையில் ஈர மண்சட்டியோ கடப்பைக் கல்லோ போடுவதும், காதுகளை ஈரக்கையால் தடவுவதும் பலன் தரும். வாய் திறந்து மூச்சு வாங்கினால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். குளிர்ந்த நீரில் முக்குவது அதிர்ச்சியில் கொன்றுவிடும். முயலைக் குளிப்பாட்டும் வழக்கமே தேவையற்றது.

கம்பிவலைத் தரையுள்ள கூண்டு முயலுக்கு ஏற்றதன்று. அதன் பாதத்தில் நாய்க்கு இருப்பது போன்ற மெத்தை இல்லை, ரோமம் மட்டுமே. கம்பியில் நின்று பின்னங்கால் புண்ணாகும். அடியில் பாயோ மரப்பலகையோ விரித்து, ஒளிந்துகொள்ள இரு வாசல் வெட்டிய அட்டைப்பெட்டி ஒன்றை வைத்து, தினமும் சில மணிநேரம் வெளியே ஓடவிட வேண்டும். அதற்கு முன் மின்கம்பிகளை மறைத்தாக வேண்டும். மொட்டைமாடியில் விட்டால் காகம், பூனை, பருந்து எல்லாமே குட்டிக்கு எமன்.

பழக்குதல்

முதல் இரண்டு மூன்று நாள் தூக்காமல் விடுவதே நல்ல தொடக்கம். முயலின் எலும்புக்கூடு உடல் எடையில் ஏறத்தாழ 8 விழுக்காடுதான். பின்னங்கால் தசைகளோ வலுவானவை. சரியாகத் தாங்காமல் தூக்கும்போது அது உதைக்கும் உதையில் அதன் முதுகெலும்பே முறிந்து பின்பாகம் செயலிழக்கும். காதைப் பிடித்துத் தூக்குவது கொடுமை. ஒரு கை மார்புக்கும் ஒரு கை பின்புறத்துக்கும் கொடுத்து நெஞ்சோடு அணைக்க வேண்டும். சிறுபிள்ளைகள் தரையில் அமர்ந்து, அது தானாக அருகில் வரும்வரை காத்திருக்கப் பழக வேண்டும். மல்லாக்கப் படுக்கவைத்தால் அசையாமல் கிடப்பது சுகத்தால் அன்று. வேட்டைவிலங்கிடம் சிக்கியதாக நினைத்து உறைந்துபோவதால்.

நோய்

குடல் நின்றால் வயிறு உப்பும், வலிக்கும், வலியால் தின்னாது, தின்னாததால் குடல் இன்னும் மந்தமாகும். முயலால் வாந்தியெடுக்கவும் முடியாது. 12 மணிநேரம் தின்னாமல் இருந்தாலோ, புழுக்கை குறைந்து சிறுத்தாலோ அது அவசர நிலை. நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளக்கூடாது. காலையில் கூண்டைப் பெருக்கும்போது புழுக்கையைக் கவனிப்பதே வளர்ப்பவர் செய்யக்கூடிய மிகச் சிறந்த பரிசோதனை. குட்டிப் பருவத்தில் ஐமீரியா கிருமியால் வரும் கழிச்சல் ஓரிரு நாளில் உயிரைப் பறிக்கும். சிறுநீர் சில நாள் செம்மஞ்சளாகப் போவது பெரும்பாலும் தீனியிலுள்ள நிறமிகளால் நேர்வது.

காதிலும் மூக்கிலும் பாதத்திலும் வெள்ளைப் படலமாகத் தோன்றும் சொறி இங்கே மிகப் பரவலானது. எடை பார்த்து மருத்துவர் தரும் ஐவர்மெக்டினில் குணமாகும். நாய்க்கு உண்ணி மருந்தாகப் பூசும் ஃபிப்ரோனில் முயலைக் கொல்லக்கூடியது. குழந்தைகளுக்குத் தரும் அமாக்சிசிலினை வாய்வழி கொடுத்தால் குடலின் நல்ல நுண்ணுயிரிகள் அழிந்து நச்சுக்கிருமி பெருகும். வீட்டு மருந்துப்பெட்டியைத் திறக்காமல், முயல் பார்த்துப் பழகிய மருத்துவரைக் குட்டி வந்த வாரமே தேடி வைத்துக்கொள்ள வேண்டும். சென்னையில் இருப்பவர்கள் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் கேட்கலாம்.

முயல் தனிமையில் வாடும் பிராணி. இணையோடு வளர்ப்பது நல்லது. குட்டிப் பருவத்தில் ஆண், பெண் பிரித்தறிவது கடினம் என்பதால் இரண்டும் பெண் என்று வாங்கியவை நான்காம் மாதமே குட்டி போடத் தயாராகிவிடும்; ஈன்ற அன்றே மறுபடி சினைப்படவும் கூடும். ஆணுக்கு நான்கு மாதத்திலும் பெண்ணுக்கு ஐந்தாறு மாதத்திலும் கருத்தடை செய்யலாம். வயதான பெண் முயல்களைப் பெருமளவில் தாக்கும் கருப்பைப் புற்றையும் அது தவிர்க்கும். நன்றாகப் பேணினால் முயல் எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டு வாழும். வளர்க்க இயலாமல் போனால் பூங்காவிலோ தோப்பிலோ விட்டுவிடக் கூடாது. வீட்டில் பிறந்த முயலுக்குத் தெருநாயிடமிருந்து தப்பத் தெரியாது. வளர்க்கத் தெரிந்த இன்னொருவரிடம் ஒப்படைக்க வேண்டும்.