ஆய்வுப் படங்களும் கட்டுரை மீளப்பெறலும்

உயிர்மருத்துவ ஆய்வில் படமே சான்றாகும். புரதப் பட்டைகளைக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் படம், சோதனை நடந்ததற்கான பதிவு. அதே படம் வேறு சோதனையின் பெயரில் மீண்டும் வந்தால் கட்டுரையின் முடிவு ஆட்டம் காண்கிறது. அப்போது இதழ் அக்கட்டுரையைத் திரும்பப் பெறுகிறது.

இந்தியாவில் இச்சிக்கல் பெரிதாகப் பேசப்பட்டது புனே தேசிய உயிரணு அறிவியல் மையத்தின் கட்டுரையால். அது 2005இல் ஜர்னல் ஆஃப் பயாலஜிக்கல் கெமிஸ்ட்ரி இதழில் வெளிவந்தது. அதே குழுவின் முந்தைய படங்கள் அதில் மீண்டும் இடம்பெற்றதாகப் புகார் எழ, 2007இல் இதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. ஆனால், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற உயிர்வேதியியலாளர் கோவிந்தராஜன் பத்மநாபன் தலைமையிலான குழு முறைகேடு இல்லை என்றது. அறிவியல் விழுமியங்களுக்கான சங்கம் இம்முடிவை ஏற்கவில்லை. ஒரே படங்களைப் பார்த்தவர்கள் வெவ்வேறு முடிவுக்கு வந்தனர்.

2020இல் நேச்சர் கெமிக்கல் பயாலஜி இதழில் வந்த பெங்களூர் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் கட்டுரை 2021இல் திரும்பப் பெறப்பட்டது. இம்முறை, படங்கள் திருத்தப்பட்டதை அந்நிறுவனத்தின் விசாரணையே உறுதி செய்தது.

எலிசபெத் பிக் குழுவினர் 20,621 கட்டுரைகளை ஆராய்ந்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், 3.8 விழுக்காட்டில் சிக்கலான படங்கள் இருந்தன.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகள் எழுத்து ஒப்புமையை விழுக்காட்டால் அளக்கின்றன. படங்களுக்கு அத்தகைய அளவுகோல் அவற்றில் இல்லை. தாம்பரம் வட்டாரக் கல்லூரிகளில் ஆய்வேடு எழுதும் மாணவருக்கும் இதே விதிகள்தாம். எனவே திருத்தப்படாத மூலப் படத்தையும் சோதனைக் குறிப்பேட்டையும் பாதுகாத்து வைப்பதே அவருக்குரிய உறுதியான சான்றாகும்.