பெலேமில் ஒரு முற்பகல்

லிஸ்பன் நகரில் எங்களுக்கு வாய்த்தவை இரண்டே நாட்கள். முதல் நாள் மேட்டுத் தெருக்களில் ஏறி இறங்குவதிலும், உப்பிட்டு உலர்த்திய காட் மீனை உருளைக்கிழங்கோடும் முட்டையோடும் சேர்த்துக் கிளறிய உணவைச் சுவைப்பதிலும் கழிந்தது. மறுநாள் காலை டேகஸ் ஆற்றங்கரையில் உள்ள பெலேமுக்கு டிராமில் சென்றோம். 1497 ஜூலையில் வாஸ்கோ ட காமாவின் கப்பல்கள் இங்கிருந்துதான் புறப்பட்டன.

பெலேமுக்குச் செல்வோர் முதலில் தேடுவது அங்குள்ள பழைய இனிப்புக் கடையைத்தான். முட்டை மஞ்சட்கரு, பால், சர்க்கரை சேர்ந்த கலவையை மெல்லிய மாவுக் கிண்ணத்தில் ஊற்றிச் சூளையில் சுட்டெடுக்கும் சிறு பண்டம் இங்கு 1837 முதல் விற்கப்படுகிறது. அருகிலிருந்த ஜெரோனிமுஷ் துறவிமடத்தின் கைப்பக்குவம் அது. 1834இல் போர்த்துக்கல் அரசு மடங்களைக் கலைத்தபின் கடைக்கு வந்து சேர்ந்தது. மேலே கறுவாத்தூளைத் தூவிச் சூடாக உண்டோம். நாங்கள் அமர்ந்த மேசையும், அருகிலிருந்த ஜன்னலும் அவர்கள் மொழியிலிருந்து நமக்கு வந்த சொற்கள். கறுவாவோ, 16ஆம் நூற்றாண்டில் அவர்களை இலங்கைக் கரைக்கு இழுத்துச் சென்ற பண்டம்.

அடுத்து மடத்தினுள் நுழைந்தோம். கயிற்று முறுக்குகளும் கடற்பொருள்களும் செதுக்கப்பட்ட அதன் கல்வேலை கண்ணை விட்டு அகலாதது. மன்னர் முதலாம் மானுவேல் தொடங்கிய இக்கட்டடத்திற்குப் பொருள் தந்தது, ஆப்பிரிக்க, கீழைநாட்டு வணிகத்தின் மீதான வரி. ‘மிளகின் இருபதிலொன்று’ என்பது அதன் பெயர். மலபார் மிளகு இங்கே கல்லாக உயர்ந்து நிற்கிறது என்றால் மிகையன்று. 1755 நவம்பர் முதல் நாள் நிலநடுக்கம் லிஸ்பனைச் சிதைத்தபோதும் மடம் பெரும்பாலும் தப்பியது.

தேவாலய வாயிலருகே இருபுறமும் இரு கல்லறைகள். ஒன்று காமாவுக்கு, மற்றொன்று அவர் பயணத்தைக் காப்பியமாக்கிய கவிஞர் கமோயஸுக்கு. பயணிகள் இரண்டையும் சுற்றிநின்று படமெடுத்துக்கொண்டிருந்தனர்.

நாங்கள் தேடிச் சென்றது வேறு. 1554இல் இதே லிஸ்பனில் கிறித்தவ மன்றாட்டுகளைக் கற்பிக்கும் சிறுநூல் ஒன்று அச்சாயிற்று. தமிழ் மொழி, ரோமன் எழுத்து. தமிழ் அச்சேறிய முதல் நூல் அதுவே. தமிழ் எழுத்திலேயே அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ கொல்லத்தில் வெளிவந்தது அதற்கு 24 ஆண்டுகள் கழித்து, 1578இல். லிஸ்பன் நூலின் படி, மடத்தின் மேற்குப் பகுதியில் இயங்கும் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தின் சேகரிப்பைச் சேர்ந்தது. அருங்காட்சியகம் 2022இல் சீரமைப்புக்காக மூடப்பட்டிருந்தது. நாங்கள் சென்றபோதும் கதவு திறக்கவில்லை.

விசென்ட் த நசரே, ஜார்ஜ் கார்வாலோ, தோமே த குரூஸ்: அந்நூலைத் தமிழாக்கிய மூவரின் ஞானஸ்நானப் பெயர்கள் இவை. கடலோடிக்கும் கவிஞனுக்கும் கல்லறை கிடைத்தது. நம் மொழியை முதன்முதலில் அச்சுக்குக் கொண்டுசென்றவர்களுக்கு, தமிழ் இலக்கியம் பயிற்றுவிக்கும் நம் வகுப்பறைகளிலேனும் ஓர் இடம் இருக்க வேண்டாமா?

மூடிய கதவின் முன் நின்று அப்பெயர்களை ஒருமுறை வாய்விட்டுச் சொன்னோம். கறுவாவின் மணம் விரல்களில் அப்போதும் இருந்தது.