ஒரே மருந்தும் பல புற்றுகளும்: நாவலப்பிட்டி வாய்ப்புற்றை முன்வைத்து

எல்லாப் புற்றுநோய்க்கும் ஒரே சிகிச்சை என்ற எதிர்பார்ப்பு புதிய கண்டுபிடிப்பு ஒவ்வொன்றோடும் எழுந்திருக்கிறது. அது எந்தப் புற்றுக்குப் பொருந்தும் என்பது தெளிந்ததும் தணிந்திருக்கிறது. 1948இல் பொஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர், ஃபோலிக் அமிலத்துக்கு எதிராக வேலைசெய்யும் அமினோப்டெரினைக் கொடுத்துக் குழந்தைகளின் இரத்தப்புற்றைச் சில மாதங்கள் அடக்கிக் காட்டினார். 1950களின் இறுதியில் கனடாவில், நீரிழிவுக்கு உதவுமா என்று ஆராயப்பட்ட நித்தியகல்யாணி இலையிலிருந்து வின்பிளாஸ்டின் கிடைத்தது. வின்கிறிஸ்டின் பின்னர் வந்தது. இவை பயன் தந்தது குறிப்பிட்ட சில புற்றுகளுக்கே. எல்லாப் புற்றையும் தீர்க்கும் என்று இலங்கையில் பேசப்படும் முள் அன்னமுன்னா இலைக்கோ மனிதரிடத்து நடந்த சோதனைகளின் ஆதாரம் இல்லை.

1971 டிசம்பரில் அமெரிக்க ஜனாதிபதி நிக்சன் தேசியப் புற்றுநோய்ச் சட்டத்தில் கையொப்பமிட்ட காலத்தில், புற்றுக்கு வைரசே காரணம் என்ற கருத்து செல்வாக்குடன் இருந்தது. காரணம் ஒன்றானால் தடுப்பூசியும் ஒன்று போதும். 1976இல் அமெரிக்க விஞ்ஞானிகள் பிஷப், வார்மஸ் குழுவினரின் ஆய்வு இந்த நம்பிக்கையின் அடித்தளத்தையே மாற்றியது. கோழிகளில் புற்றை உண்டாக்கும் வைரசின் பரம்பரையலகு, நோயற்ற கோழியின் கலத்திலும் இருப்பதை அவர்கள் கண்டனர். அழிக்க வேண்டியது வெளியிலிருந்து வந்த கிருமியை அல்ல, உடலின் சொந்தக் கலம் திரிந்த வடிவத்தை என்றானது. அத்திரிபு உறுப்புக்கு உறுப்பு, ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒரே கட்டிக்குள்ளும் வேறுபடும். 2001இல் அனுமதி பெற்ற இமாட்டினிப், ஒருவகை நாட்பட்ட இரத்தப்புற்றில் பெருவெற்றி பெற்றதற்குக் காரணம் அந்நோயை ஒரே நிறமூர்த்த மாற்றம் இயக்குவதுதான். அவ்வளவு எளிய புற்றுகள் மிகச் சிலவே.

வாய்ப்புற்று அவ்வகையைச் சேர்ந்ததல்ல. இலங்கை மலைநாட்டின் நாவலப்பிட்டியைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை சேர்த்து மெல்லும் வழக்கம் பழையது. இலங்கை ஆண்களுக்கு வரும் புற்றுகளில் வாய்ப்புற்று முதன்மையானது. தொடக்கம் பெரும்பாலும் சத்தமில்லாதது: வெற்றிலையை அடக்கிவைக்கும் கன்னத்தின் உட்புறத்தில் சுரண்டினாலும் போகாத வெள்ளைத் திட்டு. சிலருக்குப் பாக்கின் தாக்கத்தால் கன்னத்தின் உட்தோலுக்கு அடியிலுள்ள இழையம் நார்க்கட்டாக இறுகும். காரமான கறி பட்டால் எரியும், பிறகு வாய் இரண்டு விரல் அகலத்துக்கும் திறக்காது. முற்றிய நிலையில் அறுவையும் கதிர்வீச்சுமே முதன்மைச் சிகிச்சை. நோயாளி பேராதனை, கண்டி, மகரகமை என்று மருத்துவமனைகளுக்கு அலைய வேண்டிவரும்.

உடலின் நிர்ப்பீடனத்தைத் தூண்டும் மருந்துகள் பழைய எதிர்பார்ப்பை மீண்டும் எழுப்பின. அவற்றுக்கு வழிகோலிய அலிசனும் ஹொன்ஜோவும் 2018இல் நோபல் பரிசு பெற்றனர். ஆயினும் வாய்ப்புற்றும் அடங்கும் முற்றிய தலை, கழுத்துப் புற்றுக்கு அம்மருந்துகளில் ஒன்றான நிவோலுமாப் கொடுத்துப் பார்த்த 2016ஆம் ஆண்டுச் சோதனையில் கட்டி குறிப்பிடத்தக்க அளவு சுருங்கியது நூற்றுக்குச் சுமார் 13 பேருக்குத்தான். 2017இல் பெம்புரோலிசுமாப், எந்த உறுப்பின் புற்று என்று பாராமல் குறிப்பிட்ட ஒரு பரம்பரையலகுக் குறைபாட்டை மட்டும் பார்த்து அனுமதிக்கப்பட்ட முதல் மருந்தானது. பொதுச்சிகிச்சைக்கு மிக நெருங்கி வந்தது இதுவே. அக்குறைபாடு உள்ள கட்டிகளோ சிறுபான்மை.

ஆகவே மலைநாட்டு நோயாளிக்குப் பயன்பட்ட ஆய்வுகள் வேறு திசையில் நடந்தவை. 1984இல் சமன் வர்ணகுலசூரிய உள்ளிட்டோர், ஆரம்ப சுகாதாரப் பணியாளரே வாயைப் பார்த்து முற்புற்றைக் கண்டுபிடிக்க முடியும் என்று இலங்கையில் காட்டினர். இவ்வாறு வாயைப் பார்த்துப் பரிசோதிப்பது குறித்து 1996இல் திருவனந்தபுரம் மாவட்டத்தில் தொடங்கிய பெரிய சோதனையின் முடிவு 2005இல் வெளிவந்தது. புகையிலை அல்லது மது பழகியவர்களிடையே வாய்ப்புற்று மரணம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பழகாதவர்களிடம் அத்தகைய பயன் தெரியவில்லை. இங்கும் முறை எல்லோருக்கும் ஒன்றாக அமையவில்லை.

தடுப்பும் அப்படித்தான். 2017இல் இலங்கைப் பாடசாலைச் சிறுமியருக்கு வழங்கத் தொடங்கிய எச்பிவி தடுப்பூசி கருப்பைக் கழுத்துப் புற்றுக்கு எதிரானது. வெற்றிலையால் வரும் வாய்ப்புற்றை அது தடுக்காது. 2016 செப்டெம்பரில் இலங்கை புகையற்ற புகையிலைப் பொருட்களைத் தடைசெய்தது. ஆனால் புகையிலை சேராத வெற்றிலைக் கூட்டும் பாக்கும்கூட மனிதரில் புற்றை உண்டாக்குபவை என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட தொகுப்பு வகைப்படுத்தியிருக்கிறது.